ஆளுக்கொரு துப்பாக்கியா? அமெரிக்கக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உங்கள் வீட்டிலோ கராஜிலோ துப்பாக்கி, ரிவால்வர் ஏதாவது இருக்கிறதா?”

அமெரிக்காவில் 1973-இலிருந்து ஏறக்குறைய இதே சொற்களில் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் என்ஓஆர்சி என்ற ஆய்வு நிறுவனத்தின் பொதுச் சமூக ஆய்வில் இடம்பெறுகிறது. ‘இருக்கிறது’ என்றால் அடுத்த கேள்வி: பிஸ்டலா, ஷாட்கன்னா, ரைஃபிளா? அதற்கும் அடுத்தது: அதில் ஏதாவது உங்களுக்கே சொந்தமானதா? ‘கராஜ்’ என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. தாத்தா காலத்து ஷாட்கன் ஒன்று பழைய பெட்டிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும். வீடு என்று மட்டும் கேட்டால், “வீட்டில் ஒன்றும் இல்லை” என்று ஒருவர் பொய் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போகலாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கேட்டு வாங்கிய பதில்களை நாம் வாசிக்கிற விதம் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் எங்கேயாவது பள்ளியிலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், அன்று மாலைக்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் எண்கள் வந்து விழுகின்றன. ஆளுக்கொரு துப்பாக்கி. கிராமத்தான் எல்லாம் துப்பாக்கிக்காரன். நம்மாட்கள் இருக்கிற புறநகர்ப் பகுதியில் அந்தத் தொந்தரவே கிடையாது. எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவற்றை எதோடு சேர்த்துப் படிக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். இந்தத் தவறுகளில் பாதியை நானே எழுத்தில் செய்திருக்கிறேன் என்பதால், கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

வீதம் கிராமத்தில், தலைகள் புறநகரில்

பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில், தன்னிடம் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 32 சதவீதம். வயதுவந்தவர்களை மட்டும் கேட்டது. இடவாரியாகப் பிரித்தால் கிராமப்புறத்தில் 47, புறநகரில் 30, நகரத்தில் 20 சதவீதம். இதைப் பார்த்ததும் மனதில் என்ன படம் வருகிறது? துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால் மாட்டுப்பண்ணை, பிக்கப் டிரக், தொப்பி. அந்தப் படம்தான் தவறு.

47 என்பது கிராமத்தில் வாழும் நூறு பேரில் 47 பேர். நாட்டில் எத்தனை பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள் என்பதை அது சொல்வதே இல்லை. அதற்கு வேறு கணக்கு வேண்டும். அமெரிக்க அரசின் வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் 2017-இல், “உங்கள் சுற்றுவட்டாரத்தை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்கள். புறநகர் என்றவர்கள் 52 சதவீதம், நகரம் என்றவர்கள் 27, கிராமப்புறம் என்றவர்கள் 21.

இப்போது ஒரு காகிதத்தில் நூறு அமெரிக்கர்களை எழுதிக்கொள்ளுங்கள். 21 பேர் கிராமம். அதில் 47 சதவீதம் என்றால் சுமார் 10 பேரிடம் துப்பாக்கி. 52 பேர் புறநகர். அதில் 30 சதவீதம் என்றால் பதினைந்து, பதினாறு பேர். 27 பேர் நகரம். ஐந்து பேர் சொச்சம். கூட்டினால் 31 வருகிறது, பியூ சொன்ன 32-ஐத் தொட்டுக்கொண்டு. இரண்டு வேறு ஆய்வுகளை ஒட்டிப் போட்ட கணக்கு இது, உத்தேசம்தான். ஆனால் படம் தெளிவாகத் தலைகீழாகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் புறநகர்க்காரர்கள். கிராமத்துக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு.

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அந்தப் பக்கம் நம்மவர்கள் நிறைய. தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். “இங்க யாருகிட்ட துப்பாக்கி இருக்கப் போவுது, எல்லாம் ஐடி ஆளுங்க” என்று அண்ணன் சொல்வார். மேலே உள்ள சராசரியை வைத்துப் பார்த்தால் அவர் தெருவில் பத்துப் பேர் நின்றால் மூன்று பேரிடம் இருக்க வேண்டும். டெக்சாஸ் என்பதால் சராசரியை விடக் கூடவே இருக்கலாம்.

அண்ணனுக்குப் பரிந்து ஒரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். அதே பியூ ஆய்வில் ஆசிய அமெரிக்கர்களில் சொந்தத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். ஆனால் இதையும் அப்படியே “இந்தியர்களில் 10 சதவீதம்” என்று எழுதிவிடக் கூடாது. ஆசியர் என்ற அந்தப் பெட்டிக்குள் சீனர், வியட்நாமியர், ஃபிலிப்பினோக்கள், கொரியர், நாம் எல்லாரும் ஒன்றாகக் கிடக்கிறோம்.

அரசிடம் பட்டியல் இருக்கும் என்ற நினைப்பு

நம் ஊரில் துப்பாக்கி என்றால் லைசென்ஸ். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், கலெக்டர் அலுவலகம், காவல்துறை அறிக்கை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிச் செய்தி வரும். யார் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே வாங்கி வைக்க முடியும்? அந்தப் பழக்கத்தில், அமெரிக்க எண்களும் ஏதோ அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி ஒரு பதிவேடு கிடையாது. 1986-இல் இயற்றிய ஒரு கூட்டாட்சிச் சட்டம், துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பட்டியலை உருவாக்குவதையே தடுக்கிறது. மெஷின்கன் போன்ற சில வகைகளுக்கு மட்டும் 1934-இலிருந்து பதிவு உண்டு. சில மாநிலங்கள் தங்கள் அளவில் ஏதாவது வைத்திருக்கும். மற்றபடி நகரம் இவ்வளவு, கிராமம் இவ்வளவு என்று வரும் எல்லா எண்ணும் யாரோ யாரையோ கேட்டுப் பெற்ற பதில், அல்லது சுற்றுவழியில் செய்த மதிப்பீடு. சட்டவிரோதமாக வைத்திருப்பவர் கணக்கெடுப்பவரிடம் “ஆமாம் சார், இருக்கு” என்று சொல்லப் போவதில்லை. ஆகவே, துப்பாக்கிச் சட்டம் எங்கே கடுமையோ அங்கே கணக்குக்கு வெளியே நிற்பது அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

சோதனை எண்ணிக்கையை விற்பனை என்று எழுதுவது

இது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் பிழை, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு துப்பாக்கிக் கடையில் என்ன நடக்கிறது? கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள், பின்சுவரில் வரிசையாக நிற்கும் ரைஃபிள்கள். வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் கடைக்காரர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுகிறார். பெயர், முகவரி, பிறந்த தேதி, அப்புறம் ஆம்–இல்லைக் கேள்விகள்: பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, உண்மையில் வாங்குவது நீங்கள்தானா. கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்பிஐ என்ற கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பின் பின்னணிச் சோதனை அமைப்புக்குத் தருகிறார். 1998 நவம்பர் 30-இல் தொடங்கிய அமைப்பு அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: விற்கலாம், பொறுக்கவும், கூடாது. விற்கலாம் என்று வந்த சோதனையின் விவரத்தை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். படிவம் கடையிலேயே தங்குகிறது. கடையை மூடினால் அந்தக் காகிதங்கள் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் தடமறியும் மையத்துக்குப் போகும். அங்கேகூட உரிமையாளர் பெயரைத் தட்டித் தேடும் வசதி வைத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை.

வெளியே வரும் எண் ஒன்றுதான்: எத்தனை சோதனைகள் நடந்தன. 2019-இல் 2.84 கோடி, 2020-இல் 3.97 கோடி, 2021-இல் 3.89 கோடி. “2020-இல் நாலு கோடி அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்கினார்கள்” என்று நம் பக்கத்திலும் எழுதினார்கள்.

ஆனால் சோதனைகளில் ஒரு பகுதி விற்பனைக்கே தொடர்பில்லாதது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கேட்டாலும் சோதனை, புதுப்பித்தாலும் சோதனை. கென்டக்கி மாநிலம் உரிமம் வைத்திருக்கும் எல்லாரையும் மாதாமாதம் மறுபடி சோதித்துக்கொண்டிருந்தது. வெறும் 45 லட்சம் மக்கள் உள்ள அந்த மாநிலம் பல ஆண்டுகள் பட்டியலில் முன்வரிசையில் நின்றதற்கு அதுதான் காரணம், அங்கே அப்படியொன்றும் துப்பாக்கி வெறி பிடித்து ஆட்டவில்லை. எதிர்ப்பக்கமும் ஓட்டை உண்டு. ஒரே சோதனையில் இரண்டு மூன்று துப்பாக்கி வாங்கலாம். ஒரே மாநிலத்தில் இருக்கும் இரண்டு தனிநபர்களுக்குள் விற்றுக்கொண்டால் கூட்டாட்சிச் சட்டப்படி சோதனையே தேவையில்லை. சில மாநிலங்கள்தான் தனியாகக் கேட்கின்றன. தாத்தா பேரனுக்குக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. இந்தக் கடைசி வகை கிராமப்புறத்தில் சகஜம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கடைக் கணக்கை மட்டும் நம்பினால், தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருக்கும் துப்பாக்கி கண்ணில் படாமல் போகும். நேற்று முதல்முறை கடைக்கு வந்த நகரத்துக்காரர் பெரிதாகத் தெரிவார்.

அப்படியென்றால் 2020-இல் உண்மையில் நடந்தது என்ன? தேசிய துப்பாக்கி ஆய்வு என்ற பெயரில் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2021-இல் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பீட்டில் 2020-இல் துப்பாக்கி வாங்கியவர்கள் சுமார் 1.66 கோடி. அவர்களில் வாழ்க்கையில் முதல்முறையாக வாங்கிப் புதிதாக உரிமையாளர் ஆனவர்கள் சுமார் 38 லட்சம். நாலு கோடி சோதனை, ஒன்றேமுக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான வாங்குபவர், நாற்பது லட்சத்துக்கும் குறைவான புதியவர். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கதை பத்து மடங்கு வரை ஊதிவிடும்.

அந்தப் புதியவர்கள் யார் என்பது எனக்கு அவர்களின் எண்ணிக்கையை விடச் சுவாரசியமாகப் பட்டது. 2019 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை சேர்ந்த 75 லட்சம் புதிய உரிமையாளர்களில் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், இன்னொரு ஐந்தில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. பிக்கப் டிரக்கும் தொப்பியுமாக நாம் வரைந்து வைத்திருக்கும் படத்தில் இவர்களில் யாருமே இல்லை.

ஆளுக்கொன்று என்ற வகுத்தல்

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஜெனீவா ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் 39.3 கோடி துப்பாக்கிகள். நூறு பேருக்கு 120. மக்கள்தொகையை விட அதிகம். “ஆளுக்கொன்று” இங்கிருந்துதான் பிறக்கிறது. கைக்குழந்தைக்கும் ஒன்று வைத்து வகுத்த கணக்கு அது.

ஆனால் மூன்றில் ஒருவர்தான் வைத்திருக்கிறார் என்று பார்த்தோம். மீதி எங்கே? சிலர் வீட்டில் குவிந்திருக்கிறது. மேலே சொன்ன தேசிய துப்பாக்கி ஆய்வின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில், நாட்டின் துப்பாக்கிகளில் பாதி வெறும் 3 சதவீத அமெரிக்கர்களிடம் இருப்பதாகத் தெரிந்தது, சராசரியாக ஆளுக்கு 17. நம் வீடுகளில் சிலர் புடவை அடுக்குவது போல அங்கே சிலர் பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கிராமத்தில் வேட்டைக்குப் போகிறவருக்கே மான், வாத்து, வான்கோழி என்று தனித்தனியாகத் தேவைப்படும். அதனால் ஓர் ஊரில் துப்பாக்கி எண்ணிக்கை ஏறியது என்ற செய்தியைப் பார்த்ததும் துப்பாக்கிக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்று தாவக் கூடாது. ஏற்கெனவே ஆறு வைத்திருந்தவர் ஏழாவதை வாங்கியிருக்கலாம்.

வீட்டுக் கணக்கையும் ஆள் கணக்கையும் மாற்றிப் போடுவது இதற்குச் சித்தப்பா மகன். பியூவின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில் கிராமப்புறத்தில் சொந்தமாக வைத்திருந்தவர்கள் 46 சதவீதம். துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்பவர்கள் 58. புறநகரில் 28, 41. நகரத்தில் 19, 29. கிராமத்துக்கு வீட்டுக் கணக்கையும் நகரத்துக்கு ஆள் கணக்கையும் எடுத்து 58-க்கு 19 என்று ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மடங்கு! தலைப்புக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக் கணக்கிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கணவன்மாரைக் கேட்டால் ஒரு விகிதமும் மனைவிமாரைக் கேட்டால் அதைவிடக் குறைந்த விகிதமும் வருவதை ஆய்வாளர்கள் 1990-களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஒரே மாதிரி வீடுகள்தான். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாமல் இருப்பது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை.

துப்பாக்கி என்று ஒரே பொருள் இல்லை

தமிழில் எல்லாவற்றையும் துப்பாக்கி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் கிராமத்துத் துப்பாக்கியும் நகரத்துத் துப்பாக்கியும் நம் மனதில் ஒன்றாகவே தெரிகின்றன. அங்கே வேட்டைக்கு எடுத்துப் போகும் நீண்ட குழல் ரைஃபிளும் படுக்கையோர மேசை இழுப்பறையில் கிடக்கும் பிஸ்டலும் வேறு வேறு வாழ்க்கை வாழ்பவை. ஒன்று ஆண்டில் சில வாரம் வெளியே வரும். மற்றது எந்நேரமும் கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

வைத்திருப்பதற்கான காரணமும் மாறுகிறது. 2017 ஆய்வில் கிராமப்புற உரிமையாளர்களில் 48 சதவீதம் பேர் வேட்டையை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். நகரத்தவர்களில் 27 சதவீதம். ஆனால் இதை வைத்துக் கிராமம் என்றால் வேட்டை, நகரம் என்றால் பயம் என்று எழுதினாலும் தவறு. தற்காப்புக்காக என்று சொல்வது எல்லா இடத்திலும் முதலிடத்தில் இருக்கிறது. 2023-இல் நாடு முழுவதும் 72 சதவீத உரிமையாளர்கள் அதை முக்கியக் காரணம் என்றார்கள். வேட்டை 32 சதவீதத்தில் நின்றது. ஷெரீஃபின் போலீஸ் வண்டி வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும் பண்ணை வீட்டில் இருப்பவரும் தற்காப்பு பற்றித்தான் யோசிப்பார்.

நகரத்தில் குறைவு என்பதை நகரத்தார் மனப்பான்மை என்று மட்டும் விளக்குவதும் சரியாகாது. தலைநகர் வாஷிங்டனில் 1976-இலும் சிகாகோவில் 1982-இலும் கைத்துப்பாக்கியையே தடை செய்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கிலும் 2010-இல் மெக்டொனால்டு வழக்கிலும் கொடுத்த தீர்ப்புகளால் அவை போயின. நியூயார்க்கில் வெளியே எடுத்துச் செல்ல இருந்த கட்டுப்பாட்டை 2022-இல் அதே நீதிமன்றத்தின் புரூயன் வழக்குத் தீர்ப்பு உடைத்தது. முப்பது ஆண்டு தடையிலிருந்த ஓர் ஊரின் எண் ஏறினால், மக்கள் மனம் மாறியதா கதவு திறந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாநிலம் வேறு குறுக்கே வரும். மொன்டானாவில் பத்து வீட்டில் ஆறு வீட்டுக்கு மேல் துப்பாக்கி இருப்பதாக ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் பத்தில் இரண்டுகூட இல்லை. நியூ ஜெர்சிப் புறநகரையும் டெக்சாஸ் புறநகரையும் ஒரே ‘புறநகர்’ என்று சேர்த்துக் கட்டினால் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருப்பவரும் ஃபிரிஸ்கோவில் இருப்பவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

சாவுக் கணக்கை நகரத்தின் தலையில் கட்டுவது

துப்பாக்கிச் சாவு என்றதும் சிகாகோ என்பது இன்னொரு அனிச்சைச் செயல். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்கள் 17,927. அதாவது பத்துச் சாவில் ஆறு கிட்டத்தட்ட யாரும் யாரையும் சுடாத சாவு.

பெருநகரங்களில் கொலை அதிகம், அதிலும் ஊர் முழுக்கப் பரவாமல் சில பேட்டைகளில் குவிந்திருக்கும். கிராமப்புறக் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) தற்கொலை அதிகம். இரண்டையும் கூட்டி மக்கள்தொகையால் வகுத்தால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் மிகவும் கிராமப்புறமான கவுண்டிகளின் துப்பாக்கிச் சாவு வீதம் பெருநகரக் கவுண்டிகளைத் தாண்டிவிட்டது. கொலை செய்தியாகும், வயலோரத்து வீட்டில் ஒரு நடுத்தர வயதுக்காரர் இறந்தது செய்தியாகாது. உரிமை வீதம் குறித்து எழுதும்போது கொலையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “கிராமத்தில் நிறையத் துப்பாக்கி, ஆனால் அமைதி” என்று முடிப்பவர்கள் இந்தப் பாதியை முழுசாக விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். மற்றவை கட்டுரையைக் கெடுக்கும்; இது ஒரு குடும்பம் யாரை, எதைக் கவனிக்க வேண்டும் என்பதையே மறைத்துவிடும்.

கோடு இழுப்பதற்கு முன்

போக்கு என்று சொல்ல இரண்டு புள்ளி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பியூவில் 2017-இல் கிராமம் 46, புறநகர் 28, நகரம் 19. 2023-இல் 47, 30, 20. “எல்லா இடத்திலும் துப்பாக்கி பெருகுகிறது” என்று இதை வைத்து எழுதலாம்தான். ஆனால் சில ஆயிரம் பேரைக் கேட்டு, அவர்களையும் மூன்றாகப் பிரித்த பிறகு, ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம் எடைபோடும் தராசின் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆறு ஆண்டில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை என்பதுதான் நேர்மையான வாசிப்பு.

வேறு வேறு ஆய்வுகளை ஒட்டுப்போட்டுக் கோடு இழுப்பது அதைவிட மோசம். பொதுச் சமூக ஆய்வில் 1970-களில் பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது, 2014-இல் 31 சதவீதமாக இறங்கியது, அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2020-இல் 44 சதவீதம் என்றது. 31-ஐயும் 44-ஐயும் சேர்த்து ஆறு ஆண்டில் மாபெரும் எழுச்சி என்று அறிவிக்க எத்தனை நேரம் ஆகும்? உண்மையில் கேட்ட விதமே வேறு. ஒருவர் வீட்டுக்கு வந்து நேரில் கேட்பது ஒன்று, தொலைபேசியில் கேட்பது இன்னொன்று. சொல்லும் வேறு. கேலப் வீட்டைக் கேட்டுவிட்டு, கராஜ், களஞ்சியக் கொட்டகை, கார், டிரக் என்று வெளியே வேறு எங்காவது வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்கும். கொட்டகையும் டிரக்கும் யாருக்கு இருக்கும் என்று யோசித்தால், அந்தக் கூடுதல் கேள்வி எந்த ஊர்க்காரரின் எண்ணை ஏற்றும் என்பது புரியும்.

நீண்டகால இறக்கத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1970-இல் அமெரிக்கர்களில் 26 சதவீதம் பேர் கிராமப்புறத்தார். 2020-இல் 20 சதவீதம். துப்பாக்கி அதிகம் உள்ள இடத்தில் ஆள் குறைந்தால், அங்கே இருக்கும் ஒருவர்கூடத் துப்பாக்கியை விட்டொழிக்காமலே நாட்டின் சராசரி இறங்கும். இறக்கம் முழுவதையும் இது விளக்கிவிடாது. ஆனால் இதைக் கழிக்காமல் “அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கி ஆசை குறைகிறது” என்று சொல்லவும் முடியாது.

சரி, அந்தக் கிராமம், புறநகர் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? சென்சஸ் துறையிடம் நகரம், கிராமம் என்று இரண்டே பெட்டிதான். புறநகர் என்று ஒன்று கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடும் நகரும். 2010 வரை 2,500 பேர் சேர்ந்து வாழ்ந்தால் அது நகர்ப்புறம். 2020-இல் அதை 5,000 பேர், அல்லது 2,000 வீடுகள் என்று உயர்த்தினார்கள். விளைவு, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாறாமலே, ஒரு பெட்டியைக்கூடக் கட்டாமலே, நகரத்திலிருந்து கிராமத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கவுண்டி கவுண்டியாகப் பிரிக்கும் முறையில் கூத்து வேறு மாதிரி: கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு இருக்கும் கோகனீனோ கவுண்டி, ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தை வைத்து, பெருநகரப் பகுதி என்று எண்ணப்படுகிறது. பியூ போன்ற ஆய்வுகள் இந்தச் சண்டைக்கே போகாமல், நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிடுகின்றன.

நீங்களே சொல்லுங்கள் என்றால் என்ன ஆகும் என்பதை ஃபிரிஸ்கோவில் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அண்ணன், அண்ணி இருவரையும் கேட்டேன்.

“சபர்ப்தான். இதுல என்ன சந்தேகம்?” என்றார் அண்ணன்.

“ரெண்டு லட்சம் பேரு இருக்காங்க, சிட்டி ஹால் இருக்கு, மேயர் இருக்காரு. இது சிட்டி இல்லாம பட்டிக்காடா?” என்றார் அண்ணி.

இரண்டு பேரும் சரி. 2020 சென்சஸில் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1990-இல் ஆறாயிரம் சொச்சம். பின்தெருவில் இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அந்த ஆறாயிரத்தில் ஒருவர். நடைப்பயிற்சியில் பழக்கம். அவர் வந்தபோது இது பருத்திக்காடும் மேய்ச்சல் நிலமும்தானாம், சாயந்திரம் வேலியோரம் நின்று காடை சுடுவாராம். இப்போது வேலி இருந்த இடத்தில் ஆறு வழிச் சாலை. காடை சுட்ட ஷாட்கன் அன்றிலிருந்து அதே துணி அலமாரியில், அதே மூலையில்தான் நிற்கிறதாம். “கடைசியா எப்ப சுட்டீங்க?” என்று அண்ணன் கேட்டதற்கு, மனைவி உயிரோடு இருந்தபோது என்றார்.

அவரை 1990-இல் யாராவது கணக்கெடுத்திருந்தால் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்துக்காரர். இன்றைக்கு எடுத்தால் துப்பாக்கி வைத்திருக்கும் புறநகர்க்காரர். அண்ணி பேச்சைக் கேட்டால் நகரத்துக்காரர்.